கூத்தரைத் தேடிப் போன விரிவுரையாளர்

கடந்த வருடம் இரண்டாம் தவணையில் ஒரு நாள். பத்தாம் தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் பாடம். கரும்பலகையில் வடமோடி ஒரு பக்கம், தென்மோடி மறுபக்கம் எனக் கோடு போட்டு வேறுபாடுகளை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் எழும்பிக் கேட்டான்.

“சேர், இந்தக் கூத்து எங்கடயா, அவங்கடயா?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து, “சோதினைக்கு வரும், எழுது மனெ” என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பாடசாலையில் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் 11 பேர்தான். சித்திரம் எடுத்திருக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த வருடமும் பிள்ளைகள் சேராவிட்டால் பாடத்தை நிறுத்திவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்திலும் பேச்சு வந்தது. பேசியவர்கள் எவரும் பாடத்தை வெறுப்பவர்கள் அல்லர். “நம்மட பிள்ளைகளுக்கு இது ஒட்டாது சேர்” என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

அந்த மாணவனுடைய கொப்பியில், நாட்டுக்கூத்துக்கு மறுமலர்ச்சி தந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்று ஒரு வரி இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்த வரி. அதை விரித்துச் சொல்லியிருந்தால் அவன் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பத்துப்பாட்டு படித்தவர்

வித்தியானந்தன் 1924ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலாநந்தரிடமும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமும் தமிழ் படித்தார். பின்பு இலண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து தமிழ் விரிவுரையாளராகவும் பின்னர் பேராசிரியராகவும் இருந்தார். சம்பளம் வாங்கிய வேலை அதுதான். சங்க இலக்கியம், இலக்கிய வரலாறு, பரீட்சை, விடைத்தாள். அதை மட்டும் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய ஆசிரியர்கள் இருவரும் பாடத்துக்கு வெளியே கால் வைத்தவர்கள். விபுலாநந்தர் முதலில் விஞ்ஞானம் படித்தவர். அவரே 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலை எழுதி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த ‘யாழ் நூல்’ 1947இல் வந்தது. கணபதிப்பிள்ளை கல்வெட்டுத் தமிழில் ஆய்வு செய்தவர். அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதினார். அந்த நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றும் வேலையை இளம் விரிவுரையாளரான வித்தியானந்தன் ஏற்றுக்கொண்டார். ‘உடையார் மிடுக்கு’ அவற்றில் ஒன்று. வீட்டு விறாந்தையும் குடும்பச் சண்டையும் மேடைக்கு வந்தன. சபையிலிருந்தவர்கள் தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள்.

1956இல் பேராதனையில் அவருடன் கடமையாற்றிய எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சரச்சந்திரவும் பாளி மொழி படிப்பித்த விரிவுரையாளர்தான். சிங்களக் கிராமங்களில் ஆடப்பட்ட ‘நாடகம’ என்ற வடிவத்தைப் பழைய குரு ஒருவரிடம் கேட்டறிந்து, அதிலிருந்து ஒரு நவீன நாடகத்தை உண்டாக்கினார். அந்த நாடகமவோ நம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. உறவுக்காரன் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தவனுக்குத் தன் வீட்டு விளக்கு ஞாபகம் வராதா? வித்தியானந்தனின் பார்வை மட்டக்களப்பின் பக்கம் திரும்பியது.

பேராதனையில் சிறப்புத் தமிழ் படித்த காலத்தில் சரச்சந்திரவின் பெயரில் இருக்கும் திறந்தவெளி அரங்கின் படிகளில் நானும் இருந்து நாடகம் பார்த்திருக்கிறேன். ஒரு பாளி விரிவுரையாளரும் ஒரு தமிழ் விரிவுரையாளரும் வேலை நேரத்துக்கு வெளியே செய்தவற்றை, வேலை நேரத்திலே படித்துப் பட்டம் வாங்குகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணாவியாரிடம் மாணவரானவர்

மட்டக்களப்புக் கூத்து ஒரு இரவுச் சங்கதி என்று நினைக்கிறோம். உண்மையில் அது மாதக் கணக்கான வேலை. முதலில் சட்டங் கொடுத்தல். அவரவர் பாத்திரத்துக்கான பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை அண்ணாவியார் கொடுப்பார். பிறகு இரவு இரவாக ஆட்டப் பழக்கம். கால் பழகிய பின் சதங்கை அணிதல். அதன்பின் அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்ப்பது. கடைசியில் அரங்கேற்றம். நடுவில் வட்டக்களரி, நாற்புறமும் சனம், மத்தளமும் சல்லரியும், விடியும்வரை ஆட்டம். வடமோடியில் போர்க்கதைகளும் வேகமும் கூட. தென்மோடியில் பாட்டை இழுத்துப் பாடுவதும் நுட்பமான ஆட்டக் கோலங்களும் கூட.

இவ்வளவும் அண்ணாவியாரின் நெஞ்சுக்குள் இருந்தன. புத்தகத்தில் இல்லை. வித்தியானந்தன் இலண்டனில் பட்டம் பெற்றவர். ஆனாலும் கூத்து எப்படி ஆடவேண்டும் என்று அவர் அண்ணாவிமாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவருக்கு ஆட்டம் பழக்கச் செய்தார். மாணவரில் சிலர் மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதிலிருந்தே காலில் தாளம் ஏறியவர்கள். சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். வீட்டிலே விட்டுவிட்டு வரவேண்டியது என்று அவர்கள் நினைத்திருந்த ஒன்றைக் கற்க ஒரு விரிவுரையாளர் ஆசைப்பட்டார்.

1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, அதன்பின் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று மேடையேற்றங்கள் வந்தன. விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருக்கினார்கள். திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளைக் குறைத்தார்கள். இராவணேசனில் இன்னும் ஒரு படி போனார்கள். அதற்குப் பழைய ஏடு இல்லை. மௌனகுரு புதிதாக எழுதி, இராவணனாகவும் ஆடினார். தோல்வி தெரிந்தும் போருக்குப் போகும் ஒரு மனிதனின் உள்ளப் போராட்டத்தைக் கூத்தின் ஆட்டத்தால் காட்ட முடியும் என்பது அதிலே தெரிந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வட்டக்களரியில் நாற்புறமும் இருந்து பார்த்த சனம், படச்சட்ட மேடைக்கு முன்னே ஒரு பக்கமாகக் கதிரையில் இருக்கவேண்டி வந்தது. மாதக் கணக்கில் ஊரே கூடிச் செய்த காரியம் நகரத்து மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது நிகழ்ச்சியாயிற்று. பின்வந்த ஆய்வாளர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வி கேட்பதற்கு ஒரு கூத்து மிச்சம் இருந்ததே, அதற்கு இந்த மேடையேற்றங்களும் ஒரு காரணம்.

மேடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் மேடைக்கு வெளியே செய்தவை. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் அண்ணாவிமாருக்கு மகாநாடு நடத்தி மேடையில் வைத்துக் கௌரவித்தார்கள். பாடசாலைகளுக்குள் கூத்துப் போட்டிகள் வந்தன. மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப் பாடல்கள் நூல்களாயின. கூத்து ஏடுகளும் அச்சேறின. ‘அலங்கார ரூபன்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ அவற்றிற் சில.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மூவிராசாக்களும் ஞானசவுந்தரியும் கத்தோலிக்க மக்கள் ஆடிவந்த நாடகங்கள். பதிப்பித்தவர் தெல்லிப்பழைச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. மட்டக்களப்புக் கூத்தும் அவர் பிறந்த ஊர்ச் சொத்து இல்லை. “எங்கடயா, அவங்கடயா?” என்று அவர் கேட்டிருந்தால் இதில் பாதி வேலை நடந்திராது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் தோன்றுவதுண்டு. அவர் ஆராய்ந்த பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே மறுபெயர். பரிசு பெற்று வரும் கூத்தன், வறுமையில் நிற்கும் இன்னொரு கூத்தனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வது அதன் அமைப்பு. பாட்டிலே கூத்தர் வள்ளலைத் தேடிப் போகிறார்கள். அதைப் படித்துப் பட்டம் வாங்கியவர் கூத்தரைத் தேடித் தானே போனார்.

நொண்டியும் சீதக்காதியும்

இனி அந்த மாணவனின் கேள்விக்கு நேராக வருகிறேன். 1963இல் பேராதனையில் ஆடிய நொண்டி நாடகம் தென்மோடிக் கூத்து. நொண்டி நாடகம் என்பது தமிழில் ஒரு தனி இலக்கிய வகையும் ஆகும். கதை ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒருவன் தாசி வீட்டில் பொருளையெல்லாம் தொலைக்கிறான். களவில் இறங்கிக் குதிரை திருடப் போய்ப் பிடிபடுகிறான். கால் வெட்டப்படுகிறது. நொண்டியாய் நின்று தன் கதையைத் தானே சொல்லி அழுகிறான். கடைசியில் திருந்தி, இறையருளால் கால் திரும்பப் பெறுகிறான்.

இந்த வகையில் பெயர்பெற்ற ஒன்று ‘சீதக்காதி நொண்டி நாடகம்’. சீதக்காதி யார் என்று நம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கீழக்கரை ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர். “செத்தும் கொடுத்தான் சீதக்காதி” என்று இன்றும் தமிழர் எல்லாரும் சொல்லும் வள்ளல். மற்ற நொண்டி நாடகங்களில் நொண்டி ஒரு கோயிலுக்குப் போய்க் குணமடைகிறான். இதிலோ சீதக்காதியின் ஆதரவைப் பெறுகிறான், இஸ்லாத்தைத் தழுவுகிறான், மக்காவுக்குப் போகிறான். மேடையில் ஆடிய பிரதி வேறு, இது வேறு. வகை ஒன்றுதான். தமிழ் நாடக இலக்கியத்தின் ஒரு கிளையில் முந்நூறு வருடத்துக்கு முன்பே நம் வள்ளலின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

இதை எனக்குத் தெரியவைத்தது பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றவர்களின் உழைப்பு. முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய பணி பற்றிய அவருடைய ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்குப் பேராசிரியரானார். அவரும் ஒரு துறைக்குள் அடங்கி இருக்கவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொழிலால் சட்டத்தரணி. நீதிமன்றம் விட்ட நேரத்தில் கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார்.

நம்மிடம் இருந்த அரங்கு

“நமக்கு நாடகம் கிடையாது” என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. எங்கள் மூத்தம்மா இரவில் நூறு மசலா படிக்கும்போது பக்கத்து வளவுப் பெண்கள் வந்து இருப்பார்கள். அது கேள்வியும் விடையுமாகப் போகிற நூல். மெஹர்பான் கேட்கும் இடத்தில் மூத்தம்மாவின் குரல் ஏறும். அப்பாஸ் பதில் சொல்லும் இடத்தில் நிதானமாகும். கேட்டிருந்த பெண்கள் பதில் வரும்வரை வெற்றிலையை வாயில் போடாமல் கையிலே வைத்திருப்பார்கள். பாத்திரம் இருந்தது, குரல் இருந்தது, சபை இருந்தது. வயலில் பாடிய கவி இருந்தது. பக்கீர்மாரின் றபான் இருந்தது.

களிகம்பு இருந்தது. பொல்லடி என்றும் சொல்வோம். கலியாணம், சுன்னத்துக் கலியாணம் என்றால் ஆண்கள் வட்டமாய் நின்று, கையிலே கம்போடு, பாட்டுக்கு மெதுவாய்த் தொடங்கி வேகம் ஏற்றி, குனிந்து நிமிர்ந்து இடம் மாறி அடிப்பார்கள். பாட்டைப் பாடி ஆட்டத்தை நடத்துபவருக்கு நம் ஊர்களிலும் அண்ணாவியார் என்றுதான் பெயர். வந்தாறுமூலையில் என்ன பெயரோ அதே பெயர். இப்போது பெரும்பாலும் அரசியல்வாதி வரும்போது வரவேற்புக்கு மட்டும் கம்பு எடுக்கிறோம்.

இதில் மார்க்கம் சம்பந்தமான கேள்விகள் உண்டு. இசை, ஆட்டம், கதைகளில் வரும் சில நம்பிக்கைகள் பற்றி உலமாக்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். எதைத் தொடரலாம், எதை விடவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது தமிழ் ஆசிரியனின் வேலை இல்லை. ஆனால் ஒன்றை ஆடுவது வேறு, அது இருந்தது என்று எழுதிவைப்பது வேறு. விட்டுவிடத் தீர்மானித்த ஒன்றைக்கூட, நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிவதற்காகப் பதிவுசெய்யலாம். பதியாமல் விட்டால் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்க ஒன்றுமே மிஞ்சாது.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளி ஒரு கம்பு அண்ணாவியார் இருந்தார். பல்கலைக்கழகக் கடைசி வருடத்தில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடியபோது அவரிடம் போனேன். திண்ணையில் இருந்து, தொடையில் தாளம் தட்டி, இரண்டு மூன்று பாட்டுப் பாடிக் காட்டினார். பிறகு அவரே கேட்டார்.

“மனெ, நீ படிக்கிற புள்ள. இதெல்லாம் எழுதினா அங்க சிரிக்க மாட்டாங்களா?”

“இல்ல மாமா, நாளைக்கு றெக்கோர்டரோட வாறன்” என்றேன்.

போகவில்லை. நூலகத்தில் புத்தகம் கிடைக்கக்கூடிய, மேற்கோள் எடுக்கச் சுலபமான வேறொரு தலைப்பைத் தெரிந்துகொண்டேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. நியமனம் கிடைத்து ஊருக்கு வந்த பிறகும் அவர் சில வருடம் இருந்தார். பள்ளிவாசலில் சலாம் சொல்வேன். ஒரு முறைகூட அவர் என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஜனாஸாவுக்குப் போனேன். அவருடைய கம்புகள் பேரன் வீட்டில் இருக்கின்றன. பாட்டுகள் எத்தனை இருந்தன என்றுகூட அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

வித்தியானந்தன் பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகி, நிர்வாகத்தின் பாரத்தைச் சுமந்தார். 1989 ஜனவரியில் காலமானார். அந்தப் பதவியை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ தெரியாது. கூத்தைப் பேசுகிற இடமெல்லாம் அவர் பெயர் வருகிறது. நேரம் கிடைக்காத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியுமா? நான் போகாததற்கு நேரம் காரணம் இல்லை. எங்கள் திண்ணையில் இருப்பது படிப்புக்கு உரியது என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. அண்ணாவியாரின் பயமும் என் பயமும் ஒன்றுதான். ஆசிரியர் கூட்டத்தில் கேட்ட “ஒட்டாது” என்ற சொல்லும் அதே பயத்திலிருந்துதான் வருகிறது.

அடுத்த கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வேலையும் கொடுத்தேன். வீட்டிலே மூத்த ஆட்களிடம் கேட்டு, ஒரு பாட்டையோ கதையையோ போனில் பதிந்து வரவேண்டும். பாடியவர் பெயர், வயது, யாரிடம் கேட்டுப் பழகியது, எப்போது பாடுவது என்று நாலு வரி எழுதவேண்டும். 11 பேரில் 7 பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளை தன் மூத்தம்மா பாடிய கவிகளைப் பதிந்திருந்தாள். இடையிடையே மூத்தம்மா, “இதெல்லாம் எதுக்கு, போனைக் கீழ வை புள்ள” என்று ஏசுவதும் கேட்கிறது. அதை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னேன்.

கேள்வி கேட்ட மாணவன் எதுவும் கொண்டுவரவில்லை. அவனுடைய மூத்தாப்பா ஒரு காலத்தில் அந்த அண்ணாவியாரின் வட்டத்தில் கம்பு அடித்தவராம். அடி ஞாபகம் இருக்கிறது, பாட்டு ஞாபகம் இல்லை என்றாராம். ஆனால் பாட்டுத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இன்னும் இருக்கிறார், வயது 80ஐத் தாண்டிவிட்டது என்று ஒரு துண்டில் பெயரும் ஒழுங்கையும் எழுதி என்னிடம் தந்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனும் நானும் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.